ஹோர்னில் போன குரல்

எனக்கு என் குரல் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடச் சொன்னால் வயிற்றுவலி என்று இருந்துவிடுவேன். பிறகு களுவாஞ்சிக்குடியில் ஒரு கடையின் பின்னறையில் பாட்டுப் பதியும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மற்றவர்கள் பாடுவார்கள். நான் கணினிக்குப் பின்னால் இருந்தால் போதும்.

போர் முடிந்த வருடம், சுனாமி நினைவுநாளுக்கு ஒரு பாட்டுச் செய்து தரச் சொன்னார் அக்காவின் கணவர். எங்கள் ஊர் வாகரைப் பக்கம். அக்காவைக் கடல் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. அத்தானே வரிகளை எழுதி வந்தார். மண்டூர்ப் பிள்ளை ஒருத்தி பாடுவதாக ஏற்பாடு. அவள் மெட்டுப் பழகட்டும் என்று, கதவைப் பூட்டிக்கொண்டு நானே ஒரு தடவை பாடிப் பதிந்திருந்தேன். நினைவுநாளுக்கு முதல்நாள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அத்தான் அந்தப் பதிவைக் கேட்டார்.

"ஆர்ட குரல் இது?"

"பழகக் குடுக்கச் சும்மா பாடினது அத்தான். அழிச்சிருவன்."

"அழிச்சுப்போட்டு? நாளைக்கு மாடு வந்து பாடுமா? இதையே போடு. நாம சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?"

அவர் போனதும் என்னை மறைக்கும் வேலையைத் தொடங்கினேன். என் குரல் மூக்கால் வரும். ஈக்வலைசரில் அந்த இடத்தைத் தேடிப்பிடித்துக் குறைத்தேன். பேஸ் என்கிற அடிச்சத்தத்தைக் கூட்டிக் குரலுக்கு உடம்பு வைக்கச் செய்தேன். கடைசிச் சரணத்தில், 'கரைக்கு வா' என்கிற இடத்தில், குரல் உடைந்திருந்தது. திரும்பப் பாடிப் பார்த்தேன். அந்த இடத்திலேயே உடைந்தது. கடைசியில் அங்கே புல்லாங்குழலின் சத்தத்தை ஏற்றிவிட்டு, பெரிய மண்டபத்தில் பாடுவதுபோல ரிவேர்ப்பை நிறையப் போட்டேன். ஹெட்போனில் கேட்டால் யாரோ தடித்த, அமைதியான மனிதர் பாடினார். அவரை எனக்குப் பிடித்திருந்தது.

நினைவுநாளில் எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. தோணிகள் மணலில் கிடந்தன. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. பெட்டி ஸ்பீக்கர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் தென்னையில் புனல்போல வாய் விரிந்த ஹோர்ன்களைக் கட்டியிருந்தார்கள்.

"பொக்ஸ் இந்தக் காத்துக்கு ஏலா" என்றார் மைக்செற்காரர். "சத்தம் எடுபடாது."

ஹோர்ன் அடிச்சத்தத்தை எடுக்காது. நான் வைத்த உடம்பு அத்தனையும் உதிர்ந்துவிடும். மூக்கும் தொண்டையும் இருக்கிற நடுச்சத்தத்தைத்தான் அது பிடித்து எறியும்.

"அண்ணே, நடுச்சத்தத்தைக் குறைக்க ஏதும் இருக்கா?"

"மொத்தச் சத்தத்தையும் கூட்டலாம், குறைக்கலாம். இந்த மிசினில அதான் கிடக்கு."

"அப்ப குறைச்சு வையுங்க."

"குறைச்சா என்னத்துக்குத் தம்பி ஹோர்ன்?"

அத்தான் விளக்கேற்றிவிட்டுத் தலையசைத்தார். பாட்டுத் தொடங்கியது. நான் ஜெனரேற்றருக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்தத் தடித்த மனிதர் முதல் வரியிலேயே காணாமல் போனார். கடைசிச் சரணம் வந்தது. ரிவேர்ப் வெறும் இரைச்சலாகி, புல்லாங்குழல் காற்றோடு போய், உடைந்த குரல் மட்டும் தென்னைமரத்தில் இருந்து அழுதது.

"இது அவட தம்பிட குரல்தானே?" என்றாள் அக்காவோடு படித்த ஒரு பெண்.

"ஓம், மூக்கால பாடுறான் பாரு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

தலைகள் திரும்பின. உடுப்பில்லாமல் பிடிபட்டவன்போல நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்ததும் அத்தான் என்னிடம் வந்தார். அவருடைய முகம் நனைந்திருந்தது.

"உனக்குப் பாட வராதுதான்" என்றார். "மறுகா ஒருக்காப் போடச் சொல்லு."

மைக்செற்காரர் சனத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். அத்தனை பேருக்கும் நடுவால் நடந்துபோய், தலையை நிமிர்த்தாமலே, இன்னொருமுறை போடச் சொன்னேன்.