நற்கருணை வரிசை

தீர்ப்பு வந்த வாரத்து ஞாயிறன்று நாட்காட்டியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கவில்லை." விவாகரத்தானவர்கள் அந்த அப்பத்தை வாங்கக்கூடாது என்று நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் பதில் சொல்லிச் சொல்லி, கேள்வி என்றாலே அலுத்துப் போயிருந்தது.

ராயபுரம் கோயிலில் மற்றவர்கள் வரிசைக்குப் போக வழிவிட்டு, வாரா வாரம் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, என் பக்கத்தில் உட்காரும் காசிமேட்டு மீன்கார அக்கா என்னைத் தாண்டிப் போகாமல் நின்றார்.

"இன்னாமே, நீ மட்டும் குந்திக்கினே கீற?"

"டைவர்ஸ் ஆயிடுச்சுக்கா. வாங்கக் கூடாது."

"புருசனத்தானே வுட்ட, ஆண்டவரையுமா வுட்ட? வேற கல்யாணம் கட்டிக்கினியா?"

"ஒண்ணே போதும்கா."

"அப்ப வாங்கலாம். ஃபாதராண்ட கேட்டுட்டேன். எந்திரி, பின்னால ஜனம் நிக்குது."

எழுந்து போய் வாங்கினேன். மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. நெடுநேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தது போல இருந்தது. மறுமணம் செய்துகொள்ளாத வரையில் தடையில்லை என்பதைப் பிறகு படித்து உறுதிசெய்துகொண்டேன். அக்கா அன்று உண்மையிலேயே ஃபாதரிடம் கேட்டிருந்தாரா என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை.