கொழுஞ்சிக்குக் குழாய்

தெருவில் எல்லோரும் அவளை மிளகாய் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவள் காதுபடச் சொல்ல மட்டும் யாருக்கும் தைரியம் கிடையாது. தையல்காரி. கோபம் மூக்குநுனியில் நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? விடிந்தால் போதும், "அக்கா, இந்தச் சட்டை இன்னிக்கே வேணும்" என்று வாசலில் ஒருத்தி. "அண்ணி, என் பாவாடைக்கு நாடா" என்று நாத்தனார். "என் கண்ணாடி எங்கே" என்று மாமியார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் மனுஷி கிழியாமல் என்ன ஆவாள்!

வீட்டுக்குப் பின்னால் கையகல மணல் தோட்டம். ரோஜா வைத்தாள், கருகியது. மல்லிகை வைத்தாள், அதற்குத் தினமும் உபசாரம் செய்து மாளவில்லை. ஒருநாள் ரயில் பாதையோரம், புல்கூடக் காய்ந்துபோன இடத்தில், கொழுஞ்சிச் செடி ஊதாநிறமாகப் பூத்து நிற்பதைப் பார்த்தாள். காய்ந்த நெற்றுகளைக் கிள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தாள். அவரை இனம்தான், ஆனால் விதைத்தோல் கல். வெந்நீரில் ஊறப்போட்டு விதைத்தாள். முளைத்தது. வளர்ந்து நின்றபின் அது தண்ணீர் கேட்கவில்லை, உரம் கேட்கவில்லை. மழை பெய்தால் குடித்தது, இல்லாவிட்டால் வேரைக் கீழே இறக்கித் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொண்டது. அந்த வீட்டில் அவளிடம் எதுவுமே கேட்காத ஒரே ஜீவன் அதுதான். தையலை மூடிவிட்டுச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு இலையைக் கிள்ளுவாள். கத்தரி போட்டதுபோல் அம்புமுனையாகக் கிழியும். அந்த நேரத்தில் மட்டும் அவளுக்குக் கோபம் வராது.

தங்கைக்குப் பிரசவம் என்று ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வந்தாள்.

புருஷன் குழாய் வேலை செய்கிறவர். நல்லவர்தான். நல்லவர்கள் செய்கிற அக்கிரமத்துக்குத்தான் கணக்கே கிடையாது. மனைவி ஆசையாய் வளர்த்த செடி வாடிவிடுமே என்று, அவள் இல்லாத சமயம் பார்த்துத் தோட்டம் முழுக்கக் குழாய் பதித்து, செடிக்குச் செடி சொட்ட விட்டிருந்தார். ராவும் பகலும். அவள் வந்ததும் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய்க் காட்டினார்.

இலையெல்லாம் மஞ்சள். ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அழுகிய வேர் கையோடு வந்தது.

"யாரைக் கேட்டு ஊத்துனீங்க?"

"நீ சந்தோஷப்படுவேன்னு..."

"அது கேட்டுச்சா? தண்ணி குடுன்னு உங்ககிட்ட கேட்டுச்சா?"

"கேக்கலைன்னா அப்படியே விட்டுடறதா? பாவம், வாயில்லாத செடி."

"எனக்கு வாய் இருக்கே! சமையலறைக் குழாய் ஒழுகுது, ஒழுகுதுன்னு எத்தனை வருஷமா கத்துறேன்? அது காதுல விழல. கேக்காததுக்கு ஊத்தி ஊத்திக் கொன்னிருக்கீங்க!"

மாமியார் எட்டிப் பார்த்தார். மருமகள் முகத்தைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிட்டார். ஒன்றாவது பிழைத்திருக்காதா என்று அவள் ஒவ்வொரு செடியாய் அசைத்துப் பார்த்தாள். எல்லாம் போய்விட்டது.

அவர் சொதசொதத்த மணலில் நின்று தலையைச் சொறிந்தார். "சரி, தப்புதான். இனிமே கேட்டுட்டே செய்றேன். சொல்லு, உனக்கு என்னதான் வேணும்?"

யாருக்கு எது எப்போது வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் அவள் சொல்லுவாள். தனக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் அவளுக்கே தெரியாது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. செடி செத்ததைவிட அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

"மொதல்ல அந்தத் தண்ணிய நிறுத்துங்க" என்றாள். "மத்தத யோசிச்சுச் சொல்றேன்."