பூட்ஸ் பழக்கிய புதுச்சேரிப் பாதைகள்

மலை ஏறப் போகிறவர்கள் எனக்கு எழுதும் கேள்விகளில் பாதி பூட்ஸைப் பற்றியவை. கணுக்காலை மூட வேண்டுமா, ஒரு அளவு பெரியதாக வாங்கலாமா, மணலில் நடக்க எது, பாறையில் ஏற எது என்று கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரு பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து ஆறேழு மைலைத் தாண்டாத பயணம் அது. ஆனாலும் நான் போன பயணங்களில் முதல் இடத்தை அதற்குத்தான் கொடுப்பேன்.

1958, ஜனவரி. நான் புதுச்சேரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் மாணவிகளை நீலகிரிச் சோலைக்காடுகளுக்கு அழைத்துப் போவதாக ரெஜினா மிஸ் அறிவித்தார். எங்களுக்குத் தாவரவியல் எடுத்தவர் அவர்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். எல்லோரிடமும் பூட்ஸ் இருக்க வேண்டும். புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை நடத்திப் பார்ப்பார். நொண்டுகிறவள் மலைக்கு வர முடியாது. கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். மலை என்றால் எனக்கு மேகம் மாதிரி ஒன்று, யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்வது. அதைப் பார்க்காமல் படிப்பு முடிந்துவிட்டால் வாழ்க்கையே முடிந்தது என்று நிஜமாகவே நம்பினேன். பத்தொன்பது வயது அப்படித்தான் இருக்கும்.

பெரிய மார்க்கெட் பக்கத்துக் கடை ஒன்றில் சைகோன் கப்பலில் வந்த பூட்ஸ் கிடைத்தது. பட்டாளத்துக்காரர்களுக்கான சரக்கு. எங்கள் ஊரில் அளவெல்லாம் பிரெஞ்சுக் கணக்கு. இருந்ததிலேயே சின்னது முப்பத்தெட்டு. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியிருந்த கடை அது, அதனால் எல்லோரையும் போல நானும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அம்மாவோடு உள்ளே போனேன். பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினேன். கடைக்காரர் தரையில் ஒரு செய்தித்தாளை விரித்தார்.

"அதும் மேலயே நில்லு பாப்பா. கீழ எறங்காத."

நின்றேன். அளவு சரியாகத்தான் இருந்தது. செய்தித்தாள் மேல் நிற்கும்போது எந்த பூட்ஸும் சரியாகத்தான் இருக்கும். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். காலையில் வாங்கினோம், அதுவும் வெறுங்காலில் போட்டுப் பார்த்து. வாங்கியதை அம்மா பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் புதுசு எதுவானாலும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்வந்த பிறகுதான் உடம்பில் படும். துணிக்கு அந்தச் சட்டம் சரி. பூட்ஸுக்கும் அதே சட்டம்தான் என்பதில் எனக்கோ அவளுக்கோ சந்தேகமே வரவில்லை. வருஷக்கணக்காகக் கிடங்கில் கிடந்து பலகையாக இறுகிய தோல், பெட்டிக்குள் இன்னும் கொஞ்சம் இறுகியது.

அந்த ஞாயிறும் வந்தது. பூசை முடிந்ததும் மிஸ்ஸும் மாணவிகளுமாகக் கிளம்பினோம். முத்தியால்பேட்டையைத் தாண்டி, காலாப்பட்டுப் பக்கம் போகும் மணல் தடத்தில் வடக்கே ஏறக்குறைய ஐந்து மைல். வலது பக்கம் சவுக்கு, அதற்குப் பின்னால் கடல். இடது பக்கம் முந்திரி. முதல் இரண்டு மைல் நான் தரையில் நடந்ததாகவே நினைவில்லை. பூட்ஸ் போட்ட பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். மூன்றாவது மைலில் குதிகாலில் சூடாக ஏதோ உரசியது. மணல் உள்ளே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான்காவது மைலில் அது மணல் இல்லை என்று தெரிந்துவிட்டது.

மழைநீர் அறுத்து அறுத்து உண்டாக்கிய செம்மண் பள்ளங்கள் அங்கே இருக்கின்றன. காலை வெயிலில் உள்ளே இறங்கினால் காற்றே சிவப்பாகத் தெரியும். எவ்வளவு அழகு! அந்த அழகில் இறங்கும்போது என் பத்து விரல்களும் பூட்ஸின் முன்பக்கத்தில் போய் முட்டின. செடி பார்ப்பது போல அடிக்கடி குனிந்து குனிந்து உட்கார்ந்தேன். ஒரே ஆவாரஞ்செடியை எத்தனை முறைதான் பார்ப்பது?

"ரீத்தா, கழட்டு" என்றார் மிஸ்.

இரண்டு குதிகாலிலும் தோல் வழன்று போயிருந்தது. மிஸ் திட்டவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. கிளம்பற அன்னிக்கு உன் காலைப் பார்ப்பேன். புண்ணும் இருக்கக் கூடாது, பூட்ஸும் இப்படி இருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். முத்தியால்பேட்டை வரை வெறுங்காலில் வந்து ரிக்‌ஷா பிடித்தேன்.

ரிக்‌ஷாக்காரர் மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "இன்னா பாப்பா, பூட்ஸை மடியில வச்சினு வர? காலுக்குத்தான வாங்குன?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வீட்டில் அழுகை மட்டும்தான். கணக்கு எளிமையானது. புண் ஆற வேண்டுமென்றால் பூட்ஸ் போடக் கூடாது. பூட்ஸ் பழக வேண்டுமென்றால் போட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டும் இரண்டு வாரத்துக்குள் நடக்காது. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் காலை என் கால் பக்கத்தில் வைத்தாள். நீளம் ஒன்றுதான். அகலத்தில் அவளுடையது கூடுதல், செருப்பே அறியாமல் விரிந்த கால்.

"எனக்குப் புண்ணு இல்லியே. நான் போட்டுனு நடந்து குடுக்கறேன்" என்றாள்.

"நீயா?"

"ஏன், எனக்குக் காலு இல்லியா?"

மறுநாள் விடியும் முன் அப்பாவின் கம்பளிக் காலுறையைப் போட்டு, அதற்கு மேல் பூட்ஸை மாட்டி, கயிறு கட்டத் தெரியாமல் என்னிடம் காலை நீட்டினாள். அன்றைக்கு ஒரு விஷயம் புரிந்தது. பூட்ஸை எந்தக் காலுறையோடு போடப் போகிறோமோ, அந்தக் காலுறையோடுதான் அளவு பார்க்க வேண்டும். கயிறு கட்டும் முன் குதிகாலை ஒரு முறை தரையில் தட்டிப் பின்னால் உட்காரவைக்க வேண்டும். முன்னால் விரலை அசைக்க இடம் இருக்க வேண்டும். பின்னால் குதிகால் தூக்கவே கூடாது.

முதல் பாதை கடற்கரை. வெள்ளைச் சுவர் வீடுகள் தூங்கிக்கொண்டிருந்த தெருக்கள் வழியாக, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிய ஒரு பெண்ணும், செருப்பை இழுத்துக்கொண்டு அவள் மகளும் போனோம். காகிதப்பூ உதிர்ந்து கிடந்த கற்களில் அம்மாவின் பூட்ஸ் மட்டும் டக் டக் என்றது. கடலும் வானமும் பிரியாத நேரம். ஈர மணலில் அவள் நடந்து போக, அவளுக்குப் பின்னால் பட்டாளத்துக்காரனின் காலடித் தடம் விழுந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்தபடி நடந்த அந்தக் காலைகள் நிஜமா கனவா என்று இப்போதும் எனக்கு அவ்வப்போது குழப்பம் வரும். உலர்ந்த மணலில் அந்த பூட்ஸ் உதவவில்லை. கனம் இழுத்தது, மேல் வழியாக மணல் புகுந்தது. மணலுக்கு லேசான துணிக் காலணி போதும். பெரிய பூட்ஸை அதற்காக வாங்காதீர்கள்.

திரும்பும் வழியில் அம்மா அப்படியே விடியற்காலைப் பூசைக்குப் போய்விடுவாள். கோயில் வாசலில் செருப்புகளுக்கு நடுவே அந்த பூட்ஸ் நிற்கும். யாரோ சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன், மனம் திரும்பி வந்துவிட்டான் என்று தெருவில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது. அது யாருடையது என்று தெரிந்த பிறகு பேச்சு நான்கு நாள் நீண்டது. அம்மா கண்டுகொள்ளவில்லை.

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும். எம் பொண்ணு மலைக்குப் போவணும்" என்றாள்.

இரண்டாவது பாதை கோரிமேடு. ஊரிலிருந்து மூன்று மைல், செம்மண்ணும் சரளையுமான ஏற்றம். ஏறும்போது அம்மாவுக்குக் கணுக்கால் வலித்தது. மேல் கயிற்றைத் தளர்த்தினோம், சரியாயிற்று. இறங்கும்போது விரல் முட்டுகிறது என்றாள். கணுக்காலில் இறுக்கிக் கட்டினோம், கால் முன்னால் வழுக்குவது நின்றது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருத்தி நடக்க ஒருத்தி கட்ட, தப்பாகக் கட்டித்தான் தெரிந்துகொண்டோம். சரளைக்கும் பாறைக்கும் கணுக்காலை மூடும் பூட்ஸ் வேண்டும். கல் உருண்டால் கால் பிசகாமல் அதுதான் பிடிக்கும்.

மூன்றாவது பாதை ஊசுட்டேரிக் கரை. உழவர்கரை வழியாக ஜட்கா வண்டியில் போய், கரையில் ஏறி நடந்தோம். பனி இன்னும் விலகவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் பறவைகள் தண்ணீரில் மிதக்கின்றனவா, பனியிலா என்றும் தெரியவில்லை. வண்டல் சேற்றில் பூட்ஸ் நன்றாக நனைந்தது. நனைந்த தோல் அன்றைக்குத்தான் முதன்முறையாக இளகி, கால் மடங்கும் இடத்தில் தானும் மடங்கியது. நனைத்தால் அடுப்பருகே காயவைக்காதீர்கள், வெடித்துவிடும். பழைய துணியைத் திணித்து நிழலில் வைத்து, காய்ந்ததும் எண்ணெய் தடவுங்கள்.

கரையின் பாதித் தூரத்தில் அம்மா நின்றாள்.

"தலையில கூடை இல்ல, இடுப்புல கொடம் இல்ல. இவ்ளோ தூரம் வெறுங்கையா நடந்ததே இல்லடி நானு."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள், கொஞ்சம் வேகமாகவே. அவளைப் பிடிக்க எனக்குச் சிரமமாக இருந்தது. அவளுடைய முழங்கையும் தோளும் வீசி நடப்பதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. கரை முழுவதும் போய்த் திரும்பிவிட்டு, "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து நான் எழுந்திருக்கும் முன்பே அவள் கிளம்பிவிடுவாள்.

கிளம்பும் நாளன்று ரெஜினா மிஸ் என் குதிகாலை விரலால் அழுத்திப் பார்த்தார். ஆறிப் புதுத்தோல் வந்திருந்தது. பிறகு பூட்ஸை வளைத்துப் பார்த்தார். அது கேழ்வரகுக் களி மாதிரி வளைந்தது.

"ரெண்டு வாரத்துல இதுல எப்படி நடந்தே?"

"அம்மா நடந்தாங்க மிஸ்."

மிஸ் பூட்ஸை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "வண்டியில ஏறு" என்றார்.

சோலைக்காட்டைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. மேகத்துக்குள் நடந்தேன், மேகம் ஈரமாக இருந்தது, அது போதும். பூட்ஸ் ஓர் இடத்தில்கூட உரசவில்லை. உள்ளே கட்டைவிரல் பக்கம் அகலமாக ஒரு குழி விழுந்திருந்தது, அது என் காலுடையது அல்ல. மடிப்பு மடிப்பாக அம்மாவின் கால். அதற்குள் என் காலை வைத்துக்கொண்டு மலை ஏறினேன். ஒரு மேட்டில் ஏறி நின்றபோது அவள் இங்கே இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன்.

இனி உங்களுக்கு. மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போதுதான் உண்மையான அளவு தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள், படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். நல்ல நாளுக்கென்று மூடி வைக்காதீர்கள். வீட்டில், தெருவில், கடைக்குப் போகும்போது எல்லாம் போடுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் நான் சொன்ன மூன்று பாதைகளிலும் பழக்கலாம். இப்போது எல்லா இடத்துக்கும் தார்ச்சாலை இருக்கிறது. விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறினால் கோரிமேட்டில் நிழல் கிடையாது.

மறுவருஷம் செஞ்சி மலை ஏறிப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. அம்மாவிடம் பூட்ஸைக் கேட்கப் போனேன். அவள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எப்பப் போற?"

"வர்ற சனிக்கிழமை."

"அப்ப உனக்கு வேற ஒண்ணு வாங்கிக்க. இது எனக்கு வேணும்."

"உனக்கு எதுக்கும்மா?"

"நானும் வர்றேன்" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

செஞ்சியின் உயரமான மலையான ராஜகிரியின் கடைசிப் படிகளில் நான் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது, அம்மா ஏற்கெனவே உச்சிக்குப் போய்விட்டிருந்தாள். காற்றில் சேலை படபடக்க, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மேற்கே நீலமாகத் தெரிந்த அடுத்த மலையைப் பார்த்து நின்றாள்.

"ரீத்தா," என்று கூப்பிட்டாள். "அதுக்கு எந்தப் பக்கமாப் போறது?"