எண்பது ஓட்டை அட்டை

டீச்சர் இருந்தார், பத்து மணி வரை. லாரி டிரைவரின் மகன் இருந்தான். டைலரின் மகள் இருந்தாள். மாதா கோயில் தெருவின் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள். கடைசி பெஞ்சில் நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மாவின் மகள் இருந்தாள். நான் இருந்தேன். சனிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் இல்லை.

நான் அங்கே வாட்ச்மேன். பாகூர் பக்கம், ஐந்தாவது வரை உள்ள அரசுப் பள்ளி. கேட்டை ஒட்டி ஒரு ரூம் எனக்கு. மனைவி தவறிப்போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. மகள் கல்யாணம் ஆகி ஓசூரில் இருக்கிறாள்.

ஆறாவதிலிருந்து அங்கேயே தங்கிப் படிக்கிற பெரிய பள்ளி ஒன்று உண்டு. சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அவர்களே தருவார்கள். அதில் சேர ஒரு பரீட்சை. நிறையப் பிள்ளைகள் எழுதுவார்கள். எடுப்பது கொஞ்சம் பேரை. எங்கள் பள்ளியில் அந்த வருஷம் இந்த ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள்.

டீச்சர் சனிக்கிழமை தோறும் பயிற்சி வைத்தார். நடுவில் அவருக்கு ஓட்டர் லிஸ்ட் வேலை போட்டுவிட்டார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். காலையில் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மீதி வேலை என்னிடம் வந்தது.

"எனக்கு இன்னா தெரியும் டீச்சர்? நானே அஞ்சாவதோட நின்னவன்" என்றேன்.

"எண்ணத் தெரியும்ல?"

"தெரியும்."

"போதும்."

விடைத்தாளில் நாற்பது நாற்பதாக இரண்டு வரிசை. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வட்டம். சரியான வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். டீச்சர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, சரியான வட்டம் வருகிற இடத்தில் எல்லாம் ஓட்டை போட்டுக் கொடுத்தார். எண்பது ஓட்டை. கேள்வித்தாள் மாறினால் அட்டையும் மாறும். அட்டையைத் தாள் மேல் வைத்து, ஓட்டையில் தெரிகிற கறுப்பை எண்ணினால் மார்க். மேல்மூலை ஒன்றை வெட்டியிருந்தார். வெட்டிய மூலை என் வலது கைப்பக்கம் வர வேண்டும். அதுதான் விஷயம்.

இன்னொன்றும் சொன்னார். "மார்க் சொல்லும்போது முகத்த மாத்தாதீங்க. கூட வந்தாலும் கொறைஞ்சாலும் ஒரே மாதிரி சொல்லுங்க. உங்க மூஞ்சில எப்பவும் ஒண்ணும் தெரியாது. அதான் உங்கள வச்சேன்."

சரி என்றேன்.

காலையில் பிள்ளைகள் படிப்பார்கள். மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கடிகாரம் பார்ப்பேன். மணி அடித்துத் தாளை வாங்குவேன். எண்ணிச் சொல்வேன். பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நிற்பார்கள்.

"வாட்ச்மேன் தாத்தா, அவன் தாளப் பாருங்க. எறும்பு மையில வுழுந்து எழுந்து போன மாதிரி கீது" என்பாள் டைலர் மகள்.

"உன்துல எறும்பே போவலடி. பாதி காலியா வுட்டுட்டு வந்துட்ட."

நடவுக்காரம்மா மகள் பேச மாட்டாள். அறுபதுக்குக் குறையாமல் வாங்குவாள். அவள் வீடு போகிற பக்கம்தான் நான் இரவுச் சாப்பாடு வாங்குகிற கடை. சாயங்காலம் நான் கேட்டைப் பூட்டும் வரை நிற்பாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பேன். அவள் பக்கத்தில் வருவாள். வாய்க்கால் வரைக்கும் ஒரு பேச்சும் இருக்காது. ஒரு தடவை கேட்டாள்.

"அங்க ஒரு ரூம்ல எத்தினி பேரு படுப்பாங்க தாத்தா?"

"தெரியல. இருவது பேரு இருப்பாங்களா இருக்கும்."

"அப்ப தனியா இருக்க வேணாம்."

அவள் அம்மா நடவுக்கு வெளியூர் போனால் இரண்டு நாள் மூன்று நாள் ஆகும். அப்பா இல்லை. பக்கத்து வீட்டில் சோறு போடுவார்கள். படுப்பது தன் வீட்டில், தனியாக. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவளுக்கு அந்தப் பள்ளி எதற்கு வேண்டும் என்பதும்.

அந்தச் சனிக்கிழமை மழை. மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கரண்டும் போனது. நாலு தாளை எண்ணிவிட்டேன். ஜன்னல் வழியாகக் காற்று அடித்து அட்டை கீழே விழுந்தது. எடுத்து ஐந்தாவது தாள் மேல் வைத்தேன். அது நடவுக்காரம்மா மகளுடையது. எண்ணினேன்.

"பத்தொம்பது" என்றேன்.

லாரிக்காரர் மகன் சிரித்தான். "பத்தொம்போதா? நானே முப்பத்தெட்டு."

"சரியா பாத்தீங்களா தாத்தா?" என்று அவள் கேட்டாள்.

"ஓட்ட பொய் சொல்லாது" என்றேன்.

முகத்தை மாற்றவில்லை. டீச்சர் சொன்னபடி ஒரே மாதிரி சொன்னேன். எனக்கே அது சரியாகப் படவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை எண்ணாமல் தாளை மடித்து வைத்துவிட்டேன். கேட்டைப் பூட்டித் திரும்பினால் அவள் இல்லை. மழையில் நடந்தே போயிருந்தாள்.

மறுநாளிலிருந்து லீவு. பரீட்சை நெருங்கிவிட்டதால் லீவிலும் தினம் வரச் சொல்லியிருந்தார் டீச்சர். நாலு பேர் வந்தார்கள். அவள் வரவில்லை. கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. சாயங்காலம் நான் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஏறி ஓட்டியிருக்கலாம். வாய்க்கால் வந்த பிறகுதான் ஏறினேன். ஏன் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை டீச்சர் ஹால்டிக்கெட் கொண்டுவந்தார். பரீட்சை சனிக்கிழமை. நாலைக் கொடுத்தார். ஐந்தாவது கையில் நின்றது.

"எங்க அவ?"

"வர்ல டீச்சர். பத்தொம்பது வாங்கினா. அதுலேர்ந்து வர்ல."

"அவளா? பத்தொம்பதா?"

தாளை எடுத்தேன். அவர் எதிரில் அட்டையை வைத்தேன். வெட்டிய மூலை வலது பக்கம். எண்ணினேன். எண்ணி முடித்ததும் அட்டையைத் திருப்பிப் போட்டேன். வெட்டிய மூலை இடது பக்கம் வந்தது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பது வந்தது.

"நான்தான் திருப்பி வச்சிட்டேன் டீச்சர்."

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவள் அம்மாவுக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். பக்கத்து வீட்டில் விசாரித்ததில் அம்மா நடவுக்குப் போயிருக்கிறார், பெண் காட்டேரிக்குப்பத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்றார்கள்.

"நான் போறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். ஹால்டிக்கெட், தாள், அட்டை மூன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். வில்லியனூரில் பஸ் மாறினேன். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். மகளுக்குப் போன் போடலாம் என்று நினைத்தேன். போட்டால் என்ன சொல்வது? போடவில்லை.

காட்டேரிக்குப்பத்தில் இறங்கி மூன்று இடத்தில் கேட்டு வீட்டைப் பிடித்தேன். அவள் சித்தியின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். சித்தி வந்தார். யார் என்று சொன்னேன். நாற்காலி போட்டார்.

"உன் மார்க் பத்தொம்பது இல்ல. அறுவத்தெட்டு. நாளைக்குப் பரீட்ச. கெளம்பு" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னேன்.

சித்திதான் பேசினார்.

"இன்னாண்ணே, அன்னிக்கு பத்தொம்போது, இன்னிக்கு அறுவத்தெட்டா? சீட்டு குலுக்கிப் போடறீங்களா? புள்ள வந்த நாளா சரியா சோறு துண்ணல."

"தப்பு என்துதான்மா. அட்டயத் திருப்பி வச்சிட்டேன்."

அவள் கதவோரம் வந்தாள். "டீச்சர் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல."

"பொய். எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க. ஓட்ட பொய் சொல்லாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"அன்னிக்கும் மூஞ்ச இப்டிதான் வச்சிருந்தீங்க."

என் முகம் அப்படித்தான். வேறு மாதிரி வைக்க எனக்கு வராது. கவரைப் பிரித்துத் தாளையும் அட்டையையும் நாற்காலி மேல் வைத்தேன். நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"நீயே எண்ணு" என்றேன்.

"எண்ணுடி. அவரு சொன்னது சரின்னா போ. இல்லன்னா டீ குடிச்சிட்டு அவரு போவட்டும்" என்றார் சித்தி.

குழந்தையைச் சித்தியிடம் கொடுத்தாள். கீழே உட்கார்ந்தாள். அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். வெட்டிய மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வலது பக்கம் வைத்தாள். விரல் வைத்து எண்ணினாள். சத்தமாக எண்ணவில்லை. முதல் வரிசை முடிய வெகுநேரம் ஆனது. நான் தெருவைப் பார்த்தேன். இரண்டாவது வரிசை முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நிமிர்ந்தாள். "அறுவத்தெட்டு" என்றாள். அழவில்லை. என்னைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுக்க உள்ளே போனாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். வில்லியனூரில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். பன்னில் பாதியை எனக்குக் கொடுத்தாள். அவ்வளவுதான். இரவு டீச்சர் வீட்டில் தங்கினாள். மறுநாள் ஐந்து பேரும் எழுதினார்கள்.

ரிசல்ட் பள்ளிக்கூட வருஷம் முடிந்த பிறகு வந்தது. அவள் மட்டும் தேர்வானாள். மற்ற நாலு பேருக்கும் நான்தான் சொல்ல வேண்டி வந்தது, டீச்சர் ஊரில் இல்லை. டைலர் மகள் அழுதாள். இரட்டைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லாரிக்காரர் மகன் "போனா போவுது" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட கேட் மேல் ஏறி உட்கார்ந்தான். இறங்கு என்று சொல்லவில்லை. அவனாக இறங்கும் வரை பக்கத்தில் நின்றேன்.

இப்போது வேறு பிள்ளைகள். அட்டையை வைத்தால் இரண்டு தடவை எண்ணுகிறேன். சாயங்காலம் கேட்டைப் பூட்டும்போது யாரும் நிற்பதில்லை. அடுத்த வருஷமே நிற்க ஒருத்தர் வந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் அவள் அம்மாவை ரேஷன் கடையில் பார்த்தேன். ஹாஸ்டலுக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். இளைத்திருந்தார். வீடு ஓவென்று இருக்கிறது என்றார். தலையை ஆட்டினேன். அவள் கேட்டதற்கு அன்று நான் தெரியாமல் சொன்ன பதில் ஞாபகம் வந்தது. ஒரு ரூமில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்டேன்.

இருபத்திரண்டு.