காத்தவராயன் ஒட்டிய பிளாஸ்திரி

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு மில் மருந்தறையில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்த காத்தவராயனுக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம். இருக்காதா பின்னே? தறிக்கூடத்தில் நூல் அறுந்துபோகாமலிருக்க எந்நேரமும் ஈரத்தைத் தூவிக்கொண்டிருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் வேர்த்து வழிகிற உடம்பில் எது ஒட்டும்? அவர் ஒட்டினால் ஒட்டும். அகலமான துணிப் பிளாஸ்திரியை விளக்கில் லேசாகச் சூடு காட்டி அழுத்தினாரென்றால், ஷிப்டு முடிந்து குளித்தாலும் அசையாது. மறுநாள் உரிப்பதும் ஒரே இழுப்புதான். ஆள் வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல 'முசே காத்தவராயன்' என்று பாதிக் கிண்டலும் பாதி மரியாதையுமாகக் கூப்பிடுவார்கள். இரண்டையுமே மரியாதையாக எடுத்துக்கொள்வார் மனுஷன்.

1979-ல் ராஜாம்பாளின் கால் அவரிடம் வந்து சேர்ந்தது. முந்தின வருஷம் செத்துப்போன ஒரு தறிக்காரரின் மனைவி அவள். அறுபத்தைந்து வயது, பிள்ளைகுட்டி கிடையாது. விறகு கீறி, கணுக்காலுக்கு மேலே எட்டணா அகலத்துக்குப் புண். மருந்தறையில் மில் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் வைத்தியம் என்பதால், காத்தவராயன் அரியாங்குப்பத்துக்கு வீடு திரும்பும் வழியில் சைக்கிளை நிறுத்தித் தினமும் கட்டுப்போட்டுவிட்டுப் போனார். யாரும் கேட்காமல் செய்தார். அதற்காகத் தன்னைத் தானே மெச்சியும் கொண்டார், அதை மறைப்பானேன்.

பத்து நாளில் ஆற வேண்டிய புண் இருபது நாளில் உள்ளங்கை அகலம் ஆயிற்று. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல்? அவள்மேல்தான். கருவாடு தின்றிருப்பாய், கத்திரிக்காய் தின்றிருப்பாய் என்று அதட்டினார். இரண்டையும் தொட்டு நாளாயிற்று என்று அவள் சத்தியம் செய்தாள். அப்படியானால் மொச்சையை விடு என்றார். அதையும் விட்டாள். பாவம், கடைசியில் கஞ்சியும் உப்பும்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில் காட்டியதில் சர்க்கரை வியாதியும் இல்லை என்றார்கள். அங்கிருந்த டாக்டரோ, இன்னும் பரவினால் காலை எடுக்க வேண்டிவரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் வாசல் வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்துப் பிளாஸ்திரியை உரித்தவர், உரித்த கையோடு அப்படியே இருந்துவிட்டார். நடுவிலிருந்த பழைய புண்ணில் தோல் கட்டத் தொடங்கியிருந்தது. சிவந்து ஈரமாயிருந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான். அதுவும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நாலு பக்கமும் நேராக. புண்ணுக்கு எந்த ஊரில் நேர்கோடு போடத் தெரியும்? கையிலிருந்த பிளாஸ்திரியைத் திருப்பிப் பார்த்தார். வெங்காயச் சருகுபோல அவள் தோல் அதில் ஒட்டியிருந்தது.

வீட்டுக்குப் போய்த் தன் முழங்கையின் உள்பக்கம் அதே பிளாஸ்திரியை ஏழெட்டுத் தடவை ஒட்டி ஒட்டி உரித்தார். இரத்தம் கசிந்தது. ஐம்பது வயதுத் தோலுக்கே இந்தக் கதியென்றால்? அட பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் டவுனில் மருந்துக்கடை கடையாக ஏறி இறங்கி, காகிதப் பிளாஸ்திரி ஒரு சுருள் வாங்கினார். மில்லில் அதைச் சீந்த மாட்டார்கள், வேர்வை பட்டால் அரைமணியில் கழன்றுவிடும். ராஜாம்பாள் காலுக்கு, நோகாமல் கழன்று வருவதுதான் வேண்டியிருந்தது. சிவந்த இடம் முழுவதையும் துணியால் மூடி, தள்ளி நல்ல தோலில் காகிதத்தை ஒட்டினார். இனி உரிக்கும்போது தேங்காயெண்ணெய் தொட்டு மெல்லத்தான் உரிப்பது என்றும் முடிவுசெய்தார். வேலை முடிந்தும் அவள் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"கருவாடும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. நான்தான் ஒன் தோல உரிச்சிருக்கேன்."

"தெரியும் தம்பி. மூணா நாளே தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா மறுநாள் நீ வராம போயிடுவியோன்னு பயம். அவரு போனதுலேர்ந்து இந்த வூட்டுக்கு வேற யாரு வராங்க?"

காலைக் கொடுத்தாவது ஒரு மனுஷ முகத்தைப் பார்க்க நினைத்தவளிடம், நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார் காத்தவராயன்.

ஆறு வாரத்தில் புண் மூடியது. 1984-ல் அவள் தூக்கத்திலேயே போய்ச்சேரும்வரை, கட்டுப்போட ஒன்றுமில்லாத அந்தக் காலைப் பார்க்க அவர் சாயங்காலம்தோறும் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.