மடுகரையிலிருந்து அரியூருக்கு, லேகியம் தின்ற தம்பியோடு

மடுகரையில் இருக்கும் என் தம்பி குமரன் பல வருடங்களாகக் குடிப்பவன். போன ஐப்பசியில் ஒரு காலை அவன் மனைவி கலா போன் செய்தாள். “அக்கா, குடிய வுட்டு ரெண்டு நாளாச்சு. கை காலெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. இல்லாத பூச்சியெல்லாம் தெரியுதுங்கறாரு.” விழுப்புரத்தில் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

போனால், வீட்டில் ஒரு லேகிய டப்பா. பாகூர் கடைக்காரர் ஒருவர் கொடுத்ததாம்.

“மூளையே கஞ்சா மாதிரி ஒண்ண சுரக்குதாங்க்கா. அது கொறஞ்சதாலதான் குடிக்கறாராம். இது அத்த ரொப்பிடுமாம். குடிய ஒடனே நிறுத்திடணும், டாக்டரெல்லாம் வாணாம்னாரு அந்த கடக்காரரு,” என்றாள் கலா.

அரியூர் மருத்துவமனைக்கு ஆட்டோ, நானூறு ரூபாய். நெட்டப்பாக்கம் தாண்டும்வரை சாலையோரம் எத்தனை ஒயின்ஷாப்! ஒன்றின் எதிரே ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். “ஒரு கட்டிங் குடுத்தா நடுக்கம் நின்னுடும்க்கா.”

“வண்டிய ஓட்டுய்யா!” என்று கத்தினேன். அடுத்த வளைவில் குமரனுக்கு வலிப்பு வந்துவிட்டது. கலா அலறினாள். அதற்குப்பின் ஓட்டுநர் எங்கேயும் பிரேக் பிடிக்கவில்லை.

மருத்துவமனையில் அவனுக்கு ஊசி போட்டுப் படுக்கவைத்த பிறகு, டாக்டரம்மா லேகிய டப்பாவை முகர்ந்து பார்த்தார். கஞ்சா வாடை.

“மூளையில அப்படி ஒண்ணு சுரக்கறது உண்மைதான். ஆசை, பயம், தூக்கம் எல்லாத்தையும் மட்டுப்படுத்தறதுல அதுக்கும் பங்கு இருக்கு. வருஷக்கணக்கா குடிச்சா அந்த ஏற்பாடே கெட்டுப்போகும். அதுக்காக வெளியிலேருந்து கஞ்சாவ ஊத்தி ரொப்ப முடியுமா? குடிக்கிற ஆசைய அது இன்னும் கிளறலாம். அதவிட மோசம், மருந்தில்லாம திடீர்னு நிறுத்தச் சொன்னது. உயிரே போயிருக்கும்.”

மறுநாள் வில்லியனூர் போய், பாகூருக்குப் பஸ் பிடித்தேன். கடைக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“வலிப்பு வந்தா இன்னா பண்றதுன்னு சொல்லிக் குடுத்தியாய்யா?”

“அதுக்குதான் ஆஸ்பத்திரி இருக்குதேம்மா,” என்றார், துப்பிவிட்டு.

அங்கிருந்தே போலீஸில் புகார் கொடுக்கப் போனேன். சில நாள் மூடியிருந்த கடை இப்போது மறுபடி திறந்திருக்கிறதாம்.

குமரன் தெளிந்ததும் கேட்டான்: “ரோசம் கெட்டவன்னுதானேக்கா எல்லாரும் சொன்னீங்க. மூளைக்கும் ஒடம்பு கெடும்னு ஒருத்தரும் சொல்லலியே?” இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். நடுவில் ஒருமுறை குடித்தான். தானாகவே திரும்பப் போய் டாக்டரைப் பார்த்தான்.

உங்கள் வீட்டிலும் யாராவது குடியை விட நினைத்தால், வீட்டிலேயே அடைத்துவைத்துச் சட்டென்று நிறுத்தாதீர்கள். முதலில் மருத்துவமனை. பழைய மாத்திரைச் சீட்டுகளையும், தின்ற லேகியம் எதுவானாலும் அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். மடுகரையிலிருந்து அரியூருக்கு ஆட்டோவில் அரை மணி நேரம்.

பாகூர் லேகியக் கடைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.