பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே கிடந்த பிள்ளை

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு திருப்பூர், சூரத், விஜயவாடா என்று சுற்றிவிட்டேன். லாரியில் கிளீனராக இருந்தேன், ஓட்டல்களில் மாவாட்டினேன். பட்டினி கிடந்ததைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. நான் எழுதிப் பரிசு வாங்கிய கதையைச் சொல்லத்தான் நாக்கு எழுவதில்லை.

அது அந்தக் கடைசி வருடம் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். பழைய கதை ஒன்றை இந்தக் காலத்தில் நடப்பதாக மாற்றி எழுத வேண்டும். பாதிப் பேர் அசுரர்களின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். எனக்கு எங்கள் ஊர்க் கதையே போதும் என்று தோன்றியது. துளசிச் செடியடியில் கிடந்த பெண் குழந்தையை ஒரு பெரியவர் எடுத்து வளர்க்கிறார். அவள் பெருமாளையே மணக்கிறாள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பிறப்பு கிடையாது.

மாற்றி எழுத நான் அதிகம் சிரமப்படவில்லை. எல்லாம் பெரியப்பா வீட்டிலேயே இருந்தது. அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. ஒரு விடிகாலை ஷிப்டுக்குப் போனபோது கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பச்சைப் பிள்ளை கிடந்து அழுதிருக்கிறது. இடது காது மடலை எறும்பு அரித்திருந்தது. பிள்ளையில்லாத பெரியம்மா அதை முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு, பேச்சு வளரக் கூடாதென்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிவந்துவிட்டாள். அப்படி வந்தவள்தான் என் தங்கை. அவளுக்கு இது எதுவும் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்காது. அவள் காதை நான் கேலி செய்த அன்று அம்மா என்னை அடித்துவிட்டு, இதைச் சொல்லி, வெளியே மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

சத்தியத்தை மீறியதாக நான் நினைக்கவில்லை. எல்லோருடைய பெயரையும் மாற்றினேன். கதையில் எழுதினால் அது வெளியே சொன்னதாகாது என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். காதை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அது நல்ல இடம்.

மைக்கில் நானே வாசித்தேன். பெரியப்பா லீவு போட்டுவிட்டுப் பெரியம்மாவோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏழாம் வகுப்பு வரிசையில் தங்கை இருந்தாள். எறும்பு வந்த இடத்தில் கூட்டம் உச்சுக் கொட்டியது. அது பிடித்துப்போய், அந்த வரியை இன்னொரு முறை நிறுத்தி வாசித்தேன். நிமிர்ந்தபோது தங்கை சடையை முன்னால் இழுத்துக் காதின் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

பெரியப்பா பரிசு கொடுக்கும் வரை இருந்தார். பிறகு என்னிடம் வந்து குனிந்தார்.

"ஏலே, இதை யாரு சொன்னா ஒனக்கு?"

"நானா யோசிச்சது பெரியப்பா."

அவர் நிமிர்ந்தார். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பெரியம்மா எங்கள் வாசலில் நின்று அம்மாவைக் கேட்டதைத் தெருவே கேட்டது. நான் உள்ளே பரிசாக வந்த எவர்சில்வர் தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது.

மறுநாள் பள்ளிக் குழாயடியில் தங்கை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, அம்புட்டும் எழுதுனியே. அந்தப் பிள்ளைய அங்க வச்சிட்டுப் போனாளே, அவ பொறவு ஒரு தடவையாவது வந்து பாத்தாளா?"

யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கதையிலும் அப்படி ஒருத்தி வருவதில்லை.

"அது கதைக்குத் தேவையில்ல" என்றேன்.

அவள் பாட்டிலை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். நான் விட்டுவிட்ட இடத்தை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாளே, கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டே குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்தேன்.